ஒரு சொல், 645 ஓட்டங்கள்

போன மாதம் ஒரு சாயங்காலம். என் பேத்தி திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். கல்லூரியில் கடைசி வருடம். கையில் போன் இருந்தது, கண் அதில் இல்லை. கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த ஒரு கம்பெனியின் பட்டியல் வெளியாகி மூன்று நாள் ஆகிவிட்டதாம். கூடப் படிக்கிற ஐந்து பேரின் பெயர் வந்திருக்கிறது. இவள் பெயர் வரவில்லை.

"எல்லாரும் ஓடிட்டாங்க தாத்தா. நான் மட்டும் பிளாட்ஃபாரத்துலயே நிக்கறேன்" என்றாள்.

வேறு யாராவது இருந்தால் தலையைத் தடவி, "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லி எழுந்து போயிருப்பார்கள். எனக்கு அந்த 'ஓடிட்டாங்க' என்ற சொல் காதில் மாட்டிக்கொண்டது. முப்பத்தாறு வருடம் ரயிலில் கார்டு வேலை பார்த்தவன் நான். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, விசில், கைவிளக்கு இதெல்லாம்தான் என் சொத்து. இப்போது அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், 2022-இல். எங்கள் காலத்தில் டிரைவரையும் கார்டையும் சேர்த்து 'ரன்னிங் ஸ்டாஃப்' என்பார்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஓட்டத்தைப் பேரிலேயே வைத்திருந்தவனிடம் வந்து ஓட்டத்தைப் பற்றிப் பேசினால் விடுவேனா?

"பாப்பா, இங்கிலீஷ்ல ரன்னுனு ஒரு வார்த்தை இருக்கே, அதுக்கு எத்தனை அர்த்தம்?"

"ஓடறது. வேறென்ன?"

"அந்த ஒரே அர்த்தத்தை வச்சுக்கிட்டுத்தான் மூணு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே. கொஞ்ச நேரம் உட்காரு."

அன்றைக்கு அவளிடம் சொன்னதையும், அப்போது சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பிளாட்ஃபாரத்தில் நிற்கிற பிள்ளை அவள் ஒருத்தி மட்டும் இல்லையே.

படுத்துத் தூங்குகிற 'ரன்னிங் ரூம்'

நான் வேலைக்குச் சேர்ந்தது 1976-இல். திருப்பத்தூர்ப் பக்கம் கிராமம். படித்தது தமிழில். இங்கிலீஷ் என்றால் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த கட்டுரை நாலைந்துதான். முதல் தடவையாகக் கூட்ஸ் வண்டியோடு அரக்கோணத்தில் போய் இறங்கியபோது விடிகாலை மூன்று மணி. "நேரா ரன்னிங் ரூமுக்குப் போயிடு" என்றார்கள். பத்து மணி நேரம் பிரேக் வேன் என்கிற கார்டு பெட்டியில் குலுங்கிக் குலுங்கி வந்த உடம்பு. இதற்கு மேலும் எங்கே ஓடச் சொல்கிறார்கள் என்று பயந்துகொண்டே போனேன்.

உள்ளே வரிசையாகக் கட்டில்கள். கொசுவலைக்குள் டிரைவர்களும் கார்டுகளும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். மூலையில் அவரவர் கொண்டுவந்த அரிசி, காய்ப் பைகள். கொடுத்தால் சமையல்காரர் பொங்கிப் போடுவார். வண்டிக்கு நேரம் நெருங்கினால் ஆளை எழுப்ப வருகிற 'கால் பாய்' நோட்டோடு வந்து கட்டில் காலைத் தட்டி எழுப்பிக் கையெழுத்து வாங்குவார். ரயில்வேயில் ஓடுகிறவன் வந்து படுக்கிற இடத்துக்குத்தான் ரன்னிங் ரூம் என்று பெயர்!

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரிடம் என் குழப்பத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "தூங்கறதும் டியூட்டிதான்டா. தூங்காதவன் சிக்னலைத் தாண்டிப் போயிடுவான்" என்று சொல்லிப் புரண்டு படுத்தார்.

ரன் என்ற சொல்லில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனைப் பார்த்துவிட்டுக் காலையில் பந்தயத்துக்குக் கிளம்புகிற பிள்ளைகள் அந்தப் பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி படுத்திருக்க வேண்டும்.

கடைசிப் பெட்டியைப் பார்

என் இங்கிலீஷுக்கு உண்மையான வாத்தியார் ஓர் ஆங்கிலோ-இந்திய டிரைவர். ஓய்வுபெறப் போகிற வயது. கரி எஞ்சினில் வெந்து சிவந்த கை. நாங்கள் 'தொரை' என்போம். அவர் பேசுகிற தமிழில் எல்லாரும் 'மேன்'தான். ஒருநாள் ரன்னிங் ரூம் தாழ்வாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்: "தொரை, ரன் அவுட்டுங்கறாங்க, ரன் ஓவருங்கறாங்க, ரன் டவுனுங்கறாங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையே?"

"ரன் ஒரு எஞ்சின் மேன். எஞ்சினைப் பாத்தா வண்டி எங்க போகுதுன்னு தெரியுமா? பின்னால என்ன மாட்டியிருக்கு, அதைப் பாரு" என்றார்.

கார்டுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் சொல்லிவிட முடியும்? கார்டின் இடம் வண்டியின் கடைசி. அந்தக் கடைசிப் பெட்டியின் முதுகில் 'எல்.வி.' என்று ஒரு பலகை தொங்கும். கடைசி வண்டி என்று அதற்கு அர்த்தம். ராத்திரியில் சிவப்பு விளக்கு. வண்டி ஒரு ஸ்டேஷனைக் கடக்கும்போது அங்கே இருப்பவர்கள் எஞ்சினைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட மாட்டார்கள். அந்தப் பலகை கண்ணில் பட்டால்தான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று கணக்கு. பலகை இல்லையென்றால் நடு வழியில் பெட்டி ஏதோ கழன்று நிற்கிறது என்று அர்த்தம். அடுத்த வண்டியை விட மாட்டார்கள்.

ரன்னும் அப்படித்தான். பின்னால் 'அவுட்' மாட்டினால் தீர்ந்துபோவது. பால் தீரும், பெட்ரோல் தீரும், பொறுமையும் தீரும். 'இன்டு' மாட்டினால் எதிர்பாராமல் எதிர்ப்படுவது. வண்டிக்கு வண்டி எதிர்ப்பட்டால் விபத்து, கடைத்தெருவில் பழைய சிநேகிதன் எதிர்ப்பட்டால் ஒரு காபி. 'ஓவர்' மாட்டினால் மேலே ஏறிப்போவது. ரயில்வே ரிப்போர்ட்டில் நான் எழுத வெறுத்த வார்த்தை அது. 'அப்' மாட்டினால் கடன் ஏறுவது. சம்பளம் எங்கேயும் ரன் அப் ஆவதாக நான் கேட்டதில்லை, பில்லும் கடனும்தான் ஆகும். மாதத் தவணையில் போன் வாங்குகிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். 'டவுன்' மாட்டினால் முக்கியமாக மூன்று அர்த்தம்: பேட்டரி இறங்குவது, கட்டடம் பாழாவது, ஒருத்தரை மட்டம் தட்டிப் பேசுவது. மூன்றையும் ஒரே சொல்லில் போட்டவன் விவரமானவன். ஒருத்தனை மட்டம் தட்டிக்கொண்டே இருந்தால் அவன் பேட்டரியும் இறங்கும், ஆளும் பாழாவான்.

எஞ்சின் ஒன்றுதான். மாட்டுகிற பெட்டிதான் வேறு. பக்கத்து வீட்டுப் பையன் உன்னைவிட வேகமாக ஓடுவதாகத் தெரிந்தால் அவன் எஞ்சினை மட்டும் பார்த்து மலைத்து நிற்காதே. பின்னால் அவன் எதை இழுத்துக்கொண்டு போகிறான், அவன் வண்டி முழுசாக வருகிறதா என்பதெல்லாம் கடைசிப் பெட்டி கடந்த பிறகுதான் தெரியும்.

ஒன்பது மாதம் உட்கார்ந்து

"அப்ப மொத்தம் எத்தனை தாத்தா?" என்றாள் பேத்தி. முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி என்று ஒன்று உண்டு. 1989-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு 20 பெரிய தொகுதிகள். அதில் அதிக இடம் பிடித்த சொல் 'செட்'. ஏறக்குறைய 430 பொருள். பிறகு அகராதியை முழுக்கத் திருத்தி எழுத ஆரம்பித்தார்கள். ரன் என்ற வினைச்சொல்லின் முறை வந்தபோது பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அதை எடுத்துக்கொண்டார். அந்த ஒரே சொல்லுக்கு அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. கடைசியில் எண்ணிப் பார்த்தால் 645 பொருள். செட் பின்னுக்குப் போனது, ரன் முன்னுக்கு வந்தது. 2011-இல் இந்தச் செய்தி வெளியானபோது நான் இன்னும் வேலையில்தான் இருந்தேன். ரன்னிங் ரூமில் பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். 'ஓடு' என்ற சொல்லைப் புரிந்துகொள்ள ஒருவர் ஒன்பது மாதம் ஓரிடத்தில் உட்கார வேண்டியிருந்திருக்கிறது.

645-இல் இரண்டு காலால் வேகமாகப் போவது ஒரு சிறு பங்குதான். மற்றதெல்லாம் வேறு. மூக்கு ரன் ஆகிறது, நமக்கு ஒழுகுகிறது. துணிச்சாயம் ரன் ஆகிறது, நமக்குச் சாயம் போகிறது. காய்ச்சல் வெள்ளைக்காரனுக்கு ரன், நமக்கு அடிக்கிறது. சாலை மலையோரமாக ரன் ஆகிறது, நமக்கு அது போகிறது. அப்பாவின் முன்கோபம் பிள்ளைக்கு வந்தால் அது அந்தக் குடும்பத்தில் ரன் ஆகிறது. இதையெல்லாம் கேட்டால், வெள்ளைக்காரன் ஏன் எல்லாவற்றையும் ஓடவிட்டான் என்று தோன்றும். அந்தச் சொல்லின் வேரிலேயே தண்ணீர் இருக்கிறது. அதற்கு ஜெர்மன் மொழியில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரச் சொல் உண்டு, 'ரின்னன்'. ஒழுகுவது, வழிவது என்று பொருள். நாமும் ஆறு ஓடுகிறது என்றுதானே சொல்கிறோம்?

பிறகு எந்திரக் காலம் வந்தது. 1825-இல் இங்கிலாந்தில் ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் நடுவே நீராவி ரயில் ஓடியது. நம் பக்கத்தில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடியது. காலே இல்லாத சாமான்கள் எல்லாம் ஓட ஆரம்பித்தன. தறி ஓடியது, பம்ப் ஓடியது, பிறகு கம்ப்யூட்டரில் புரோகிராமும் ஓடியது. தமிழும் சளைக்கவில்லை. மோட்டார் ஓடுது, கடிகாரம் ஓடுது, படம் நூறு நாள் ஓடுச்சு, ஏதோ பிழைப்பு ஓடுது, கையும் ஓடலை காலும் ஓடலை. இதில் எதற்கும் முதல் பரிசு கிடையாது. கடிகாரத்தை வேகமாக ஓடுகிறது என்று யாராவது பாராட்டியதுண்டா? ரிப்பேருக்குத்தான் கொடுப்பார்கள்.

நின்றபடி ஓடுவது

இன்னும் வேடிக்கை இருக்கிறது. வங்கியில் போட்ட பணம் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்க வருவதற்கு வங்கி மேல் 'ரன்' என்று பெயர். 2007 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் என்ற வங்கிக்கு அது நடந்தது. கிளைகளின் வாசலில் ஜனங்கள் மணிக்கணக்காக நீண்ட வரிசையில் நின்றார்கள். படத்தில் பார்த்தால் ஒருத்தர்கூட ஓடவில்லை. எல்லாரும் பொறுமையாக நிற்கிறார்கள். ஓடியது அவர்கள் மனசு.

தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வேட்பாளர் 'ஓடுகிறார்'. இங்கிலாந்தில் 'நிற்கிறார்'. நம் ஊரிலும் "இந்தத் தடவை யார் நிக்கறாங்க?" என்றுதான் கேட்கிறோம். காரியம் ஒன்றேதான். ஓர் ஊரில் அது ஓட்டம், இன்னோர் ஊரில் அதுவே நிற்றல். நீ நிற்பதாக நினைக்கிற இடத்தை இன்னொருத்தர் தன் மொழியில் ஓட்டம் என்று சொல்லக்கூடும்.

கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடி எடுக்கிற ரன் என்பது ஒருத்தர் சேர்ப்பது இல்லை. 22 கஜத்தின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு பேர் ஓடிக் கடந்தால்தான் கணக்கில் ஒன்று ஏறும். எதிர்முனையில் இருப்பவன் 'வராதே' என்று கை காட்டுவதைப் பார்க்காமல் ஓடினால் ரன் அவுட். வேலையிலும் குடும்பத்திலும் நான் பார்த்த ரன் அவுட்டுகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான். ஓடத் தெரியாமல் விழுந்தவர்கள் குறைவு. கூட ஓடுகிறவர் முகத்தைப் பார்க்காமல் விழுந்தவர்கள் அதிகம்.

ஓடினவரும் நடத்தினவளும்

இவ்வளவையும் உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள் என் மனைவி. அவள் இங்கிலீஷ் படித்ததில்லை. "கடையை நடத்தறதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்வாங்க?" என்று குரல் கொடுத்தாள்.

"அதுக்கும் ரன்தான்" என்றேன். "பள்ளிக்கூடம் நடத்தறது, கம்பெனி நடத்தறது, குடும்பம் நடத்தறது எல்லாமே ரன்தான்."

"அப்ப உங்க வார்த்தை தப்பு. குடும்பத்தை யாராவது ஓட்டுவாங்களா? நீங்க ஓடினீங்க. நடத்தினது நானு."

பேத்தி சிரித்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை. உண்மை அப்படி.

டியூட்டிக்குப் போனால் நான் வீடு திரும்ப ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும். தீபாவளிக்கு விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததைவிட ஏதோ ஒரு யார்டில் சிக்னலுக்காகக் காத்திருந்ததுதான் அதிகம். பெரியவனுக்கு மஞ்சள் காமாலை கண்டபோது நான் ஈரோட்டில். அவள் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். பால் எத்தனை லிட்டர், மளிகைக்கடை பாக்கி, பள்ளிக்கூட ஃபீஸ், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்று எல்லாம் பென்சிலில் எழுதியிருக்கும். சம்பளம் வந்தால் பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் ஒரு கோடு. இருபத்தைந்து வருடத்தில் ஒருநாள்கூட அவள் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள்கூட அவள் நின்றதும் இல்லை.

தமிழ் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறது போலும். நட என்பதிலிருந்து வந்தது நடத்து. கடையையும் பள்ளியையும் குடும்பத்தையும் தமிழ் நடக்கத்தான் வைக்கிறது. நாளைக்கும் இருக்க வேண்டிய காரியம் எதுவோ அதற்கு நடைதான் வேகம். கம்பெனி ஆரம்பித்து ஆறே மாதத்தில் பெரிய ஆளாகிவிட வேண்டும் என்று துடிக்கிற பிள்ளைகள் யாரையும் நான் தடுக்கவில்லை. ஓட்டுங்கள். ஆனால் வீட்டில் பென்சில் நோட்டு ஒன்று இருக்கட்டும்.

பின்னோக்கி 1,200 மீட்டர்

இனி நான் சொல்லப்போவதுதான் அன்றைக்கு அவளிடம் முக்கியமாகச் சொன்னது.

எண்பதுகளில் ஒரு ராத்திரி. வாணியம்பாடியைத் தாண்டிக் கூட்ஸ் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. எஞ்சின் மக்கர். முன்னாலும் ஸ்டேஷன் இல்லை, பின்னாலும் இல்லை. ஏலகிரி மலை இருட்டாகப் படுத்திருந்தது. இந்த மாதிரி நேரத்தில் கார்டு என்ன செய்ய வேண்டும் என்று ரூல் புத்தகம் தெளிவாகச் சொல்கிறது. எஞ்சினைப் போய் வேடிக்கை பார்க்கக் கூடாது. கைவிளக்கில் சிவப்பைக் காட்டிக்கொண்டு வந்த வழியே பின்னால் நடக்க வேண்டும். அகலப்பாதை என்றால் 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு டெட்டனேட்டர். இன்னும் நடந்து, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று.

டெட்டனேட்டர் என்றால் பெரிய குண்டு ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற வட்டமான தகர டப்பி. இரண்டு பக்கமும் வளைகிற பட்டை இருக்கும். தண்டவாளத்தின் தலையில் வைத்துப் பட்டையை அமுக்கி மடித்துவிட்டால் நகராது. சக்கரம் ஏறினால் வெடிக்கும். சத்தம் கேட்டதும் பின்னால் வருகிற டிரைவர் பிரேக் போடுவார்.

அன்றைக்கு நான் நடந்தேன். ஜல்லி காலுக்குக் கீழே நழுவுகிறது. தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டு போகிறேன். ஒவ்வோர் அடிக்கும் என் வண்டியின் பின்விளக்கு சிறுத்துக்கொண்டே போகிறது. சில்வண்டுச் சத்தம். உலகமே முன்னோக்கிப் போக, நான் ஒருத்தன் மட்டும் எதிர்த்திசையில் போவது போல இருந்தது. உட்கார்ந்து மூன்றாவது டப்பியின் பட்டையை மடிக்கும்போது கை நடுங்கியது. எஞ்சின் சரியாகி, கூப்பிடுகிற விசில் கேட்டபோது ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. விதிப்படி அந்த மூன்றையும் அங்கேயே விட்டுவிட்டு, நடுவில் வைத்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

வண்டி நின்றதற்காக அன்றைக்கு என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எஞ்சின் என்றால் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். நின்றதைப் பின்னால் வருகிறவனுக்குத் தெரியப்படுத்தாமல் இருந்திருந்தால்தான் கேட்டிருப்பார்கள். நிற்பது குற்றம் இல்லை, நின்றதை மறைப்பதுதான் குற்றம்.

"பட்டியல் வந்து மூணு நாள் ஆச்சுன்னியே, உங்க அப்பாகிட்டச் சொன்னியா?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினாள்.

"அம்மாகிட்ட?"

இல்லை.

"உங்க அப்பன் ஃபுல் ஸ்பீடுல வந்துக்கிட்டு இருக்கான், பொண்ணுக்கு வேலை கிடைச்சிடும்னு வீட்டுக்கடன் கணக்கெல்லாம் போட்டுக்கிட்டு. நீ நடுவழியில விளக்கை அணைச்சுட்டு உட்கார்ந்திருக்கே. போய் டெட்டனேட்டரை வை பாப்பா. வெடிக்கும். கொஞ்சம் சத்தம் வரும். அதுக்குத்தான் அது. சத்தம் வந்தா பிரேக் போடுவான். வராட்டாதான் மோதுவான்."

எழுந்து உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்து அவள் அம்மாவின் குரல் உயர்ந்தது, பிறகு தாழ்ந்தது. பிறகு தாளிக்கிற வாசனை வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

எது ஓடும் வண்டி?

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் என் பழைய ஜெனரல் ரூல்ஸ் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அட்டை கிழிந்து, ஓரம் பழுத்துப் போயிருந்தது. ரயில்வேயில் இருக்கிறவர்களுக்கு அதுதான் வேதம். முதல் அத்தியாயத்தில் சொற்களுக்கு விளக்கம் வரும். 'ரன்னிங் டிரெயின்' என்ற சொல்லைப் பிரித்து அவளிடம் கொடுத்தேன்.

மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. போகலாம் என்ற அனுமதியோடு புறப்பட்டு, இன்னும் தன் பயணத்தை முடிக்காத வண்டி எதுவோ அதுவே ரன்னிங் டிரெயின். அவ்வளவுதான் விளக்கம்.

எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லூப் லைன் என்கிற பக்கத் தண்டவாளத்தில் இரண்டு மணி நேரம் நிற்கிற கூட்ஸ் வண்டியும் ஓடுகிற வண்டிதான். அது நிற்கிற அந்த லூப் லைனுக்கும் 'ரன்னிங் லைன்' என்றுதான் பெயர். அதில் இருக்கிற கார்டு தூங்கக் கூடாது, இறங்கி வீட்டுக்குப் போகக் கூடாது, கொடியைச் சுருட்டி வைத்துவிடக் கூடாது. சிக்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எத்தனையோ எக்ஸ்பிரஸ்கள் ஜன்னல் வெளிச்சத்தோடு என்னைக் கடந்து போயிருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது என் வண்டியின் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. என் கோதுமையை நான்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

குதிரைப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்தில் வராத குதிரைகளை 'ஆல்சோ ரேன்' என்று சேர்த்துப் போடுவார்கள். இவையும் ஓடின என்று அர்த்தம். கேலிக்குத்தான் அதைச் சொல்கிறார்கள். என் வேலைக்காலம் முழுக்க நான் கூட்ஸ், பாசஞ்சர், எக்ஸ்பிரஸ் என்று மாறி மாறி அந்த வகையில்தான் இருந்தேன். பதக்கம் எதுவும் வாங்கியதில்லை. 2012-இல் கடைசி வண்டியை விட்டு இறங்கியபோது கடைசிப் பெட்டியில் பலகை இருந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். இருந்தது. எனக்கு அது போதும்.

பேத்திக்கு இந்த மாதக் கடைசியில் இன்னொரு நேர்காணல் இருக்கிறது. கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இப்போதெல்லாம் பத்து மணிக்குப் படுத்துவிடுகிறாள்.

அவளைப் போல நிற்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கிழவன் சொல்வது இதுதான். 645-இல் பந்தயம் கொஞ்சம்தான். நன்றாகத் தூங்குங்கள். கூட ஓடுகிறவர் முகத்தைப் பாருங்கள். நின்றுவிட்டால் வெட்கப்படாமல் வீட்டில் சொல்லுங்கள். கொடியை மட்டும் சுருட்டி வைக்காதீர்கள். நீங்கள் புறப்பட்டுவிட்டீர்கள், பயணம் இன்னும் முடியவில்லை. ரூல் புத்தகப்படி நீங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.